ஐந்து நிமிடம் அசையாதவர்

மேற்கு முழுக்கக் கண்ணாடி.
கட்டிய வருடத்தில் அதுதான் அழகு என்றார்கள்.
மதியம் இரண்டு மணிக்குமேல்
நாகர்கோவில் வெயில் வேறெங்கும் போகாமல்
எங்கள் ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் வந்து படுக்கும்.
அதை எழுப்பி வெளியே தள்ள
மொட்டைமாடியில் இரண்டு சில்லர்கள்
இரவுபகலாய் மூச்சிரைக்கும்.
நான் அவற்றின் ஆபரேட்டர்.
பதினொரு வருடமாய் அந்தச் சத்தத்தில்தான் சோறு தின்கிறேன்.

பசுமைச் சான்றிதழ் வாங்குவதென
நிர்வாகம் முடிவெடுத்த ஆடியில்
தக்கலையிலிருந்து பிரபிலா வந்தாள்.
தோளில் மீட்டர் பை, கையில் புள்ளிப் பட்டியல்.
சைக்கிள் நிறுத்த இடம் உண்டா, ஒரு புள்ளி.
மழைநீர் மண்ணுக்குள் இறங்குமா, இரண்டு.
இந்த ஊரில் மழைக்காலமே இரண்டு, மேடம்,
நாலாகப் போடுங்கள் என்றேன்.
சிரிக்கவில்லை.

பகலில் நான் காட்டிய எதையும் அவள் நம்பவில்லை.
"ராத்திரி ரெண்டு மணிக்கு வாறேன்.
கட்டிடம் தூங்கும்போ என்ன திங்குதுன்னு பாக்கணும்."

தின்றது.
ஆளில்லாத ஓ.பி. ஹாலில் நாற்பது விளக்கு.
பூட்டிய கேண்டீனுக்குள் மார்கழிக் குளிர்.
கீழ்த்தளத்தில் ஒரு காருமில்லை,
ஆறு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அப்புறம் ஒரு பம்ப்,
எதற்கென்று எனக்கே தெரியாது.
குழாயைப் பிடித்துக்கொண்டே ஏறினோம்.
ஐந்தாம் மாடியில்,
திறக்காமலே போன ஒரு பிரிவின்
பூசாத சுவருக்குள் அது முடிந்தது.
ஒன்பது வருடம் அங்கே
யாருக்கோ குளிர்நீர் அனுப்பியிருக்கிறேன்.
அவள் திட்டியிருந்தால் தேவலை.
எண்ணை மட்டும் குறித்துக்கொண்டாள்.
ஜன்னல் வழியே கணவாய்ப் பக்கம் பார்த்து,
"அங்க காத்துல புடிக்கியத
இங்க ஓட்ட வாளில ஊத்துதோம்" என்றாள்.

பிணவறையிலும் கிளாம்ப் மீட்டரை வைத்தாள்.
அந்தப் புயல் வருசம்
நாலு பெட்டிக்கு ஏழுபேர் கிடந்தார்கள், என்றேன்.
பெயர் தெரிய நாளாயிற்று.
பட்டியலில் அந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்தாள்.
கதவை அவளே மெல்லச் சாத்தினாள்.

கண்ணாடிக்குப் படலம் ஒட்டினோம்.
மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு,
உச்சிவெயிலில் வெறுங்காலோடு நடக்கலாம்.
பழைய சில்லர் ஒன்று லாரியில் ஏறிப்போன அன்று
நான் லீவு போட்டேன்.
நடைபாதையெங்கும் சென்சார்.
ஆள் வந்தால் எரியும்,
ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் அணையும்.
கரண்டு பில் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது.
கணக்காளர் லிவிங்ஸ்டன் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

ஒரு ராத்திரி
மூன்றாம் மாடி, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல்.
வளைவு திரும்பினால் இருட்டு.
இருட்டுக்குள் ஒரு கை எழுந்து அசைந்தது.
விளக்கு எரிந்தது.
முட்டத்துக்காரர். சூசைமிக்கேல் என்று பேர்.
மடியில் மருந்துச் சீட்டும்
ஒரு பெண்ணின் செருப்பும்.
கூப்பிட்டீர்களா என்றேன்.
"இல்ல மக்கா. லைட்டு அணைஞ்சிருது.
அப்பப்ப கைய ஆட்டணும்.
மூணு நாளா பழகிப்போச்சு."

காத்திருப்பவர்கள் அசைவதில்லை.
சென்சாருக்கு அது யார் சொல்வது?
அசையாத ஆளை அது
இல்லாத ஆள் என்று எண்ணிக்கொள்கிறது.

ஏணி கொண்டுவந்து
அவர் தலைக்குமேல் இருந்ததைக் கழற்றி
வயரை நேராக முறுக்கினேன்.
இரண்டு விளக்கு, பதினெட்டு வாட்,
ஓர் இரவுக்குக் கால் யூனிட்கூட இல்லை.
ஆனாலும் காலையில் பிரபிலாவுக்குப் போன் செய்து சொன்னேன்.
ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவள்
எத்தனை வாட் என்று மட்டும் கேட்டாள்.
பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது.

பித்தளைத் தகடு இப்போது வரவேற்பறையில் இருக்கிறது.
அடுத்த நாள் இரவு
மூன்றாம் மாடி வழியே போனேன்.
விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
செருப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர்
என்னைப் பார்க்காமலே
ஒருமுறை கையைத் தூக்கி அசைத்தார்.